தடை செய்யப்பட்ட ஏடுகள்: விலை கொடுத்தோர் யார்?

புதுச்சேரியிலிருந்து கடலூர் வழியாகச் சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையில் இன்று பயணம் செய்வோர், ஒரு காலத்தில் இவ்வழியில் இரு பேரரசுகளின் எல்லை குறுக்கிட்டதை உணர்வதில்லை. அப்பால் பிரெஞ்சு ஆட்சி; இப்பால் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தில் ஆங்கிலேய ஆட்சி. அந்த எல்லையை நம்பியே 1908இல் பாரதியாரின் 'இந்தியா' வார ஏடு சென்னையை விட்டுப் புதுவைக்கு இடம்பெயர்ந்தது. இதனை ஐரோப்பாவின் போர்க்கால இரகசிய ஏடுகளோடு ஒப்பிட்டு நோக்கின், தடைக்குள்ளான எழுத்தின் விலையை யார் கொடுத்தார்கள் என்னும் வினா நம்முன் எழுகிறது.

முதல் உலகப் போரில் ஜெர்மானியர் பெல்ஜியத்தைக் கைப்பற்றியபின், 1915 பிப்ரவரியில் 'லா லிப்ர பெல்ஜிக்' என்னும் இரகசிய ஏடு தோன்றியது. தன் தந்தி முகவரியாக ஜெர்மானியப் படைத்தலைமையகத்தையே குறிப்பிட்டு அது எள்ளி நகையாடியது. 1918 வரை 171 இதழ்கள் வெளிவந்தன. எழுதியவர்களைக் கண்டுபிடிக்க இயலாத அரசின் பிடியில், ஏட்டை வீடுதோறும் சேர்ப்பித்த கட்டடக் கலைஞர் பிலிப் போக் அகப்பட்டார். நேசநாட்டு வீரர்களைத் தப்புவிக்க உதவிய குற்றமும் அவர்மீது சாட்டப்பட்டது. 1915 அக்டோபர் 12 அன்று செவிலியர் எடித் கேவலுடன் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இரண்டாம் உலகப் போரில் பாரிஸ் நகரின் சோர்போன் பல்கலைக்கழக நிலவறையில் கூட இரகசிய அச்சுப்பணி நடைபெற்றது. நெதர்லாந்திலோ 'த்ரவ்' ஏட்டின் தொண்டர் 23 பேரைச் சிறைப்பிடித்த ஜெர்மானியர், ஏட்டை நிறுத்தினால் அவர்கள் உயிர் பிழைப்பர் என 1944இல் பேரம் பேசினர். நடத்தியோர் இணங்கவில்லை, அத்தொண்டர்கள் கொல்லப்பட்டனர். அம்முடிவு சரியா என்பதற்கு எளிதில் விடை கூற நம்மால் இயலவில்லை.

நம் நாட்டில் ஆட்சியாளர் கையாண்ட முறை வேறு. இங்கு ஏடுகள் முகவரியோடு, பதிவு பெற்று, அஞ்சல் வழியே சென்றன; எனவே சட்டமும் அஞ்சலகமுமே ஆயுதங்களாயின. புதுவை 'இந்தியா' ஆங்கிலேய எல்லைக்குள் வரத் தடை விதிக்கப்பட்டது. 1910 மார்ச்சில் அது நின்றது. மௌலானா அபுல் கலாம் ஆசாத் 1912இல் கல்கத்தாவில் தொடங்கிய 'அல்ஹிலால்' ஏட்டிடம் அரசு முதலில் 2,000 ரூபாய் பிணைத்தொகை பெற்றுப் பறிமுதல் செய்தது. பின்னர் 10,000 ரூபாய் கோரியது. 1914இல் ஏடு நின்றது. அடுத்து வந்த 'அல்பலாக்' ஏடும் நிலைக்கவில்லை. 1916இல் வங்காளத்திலிருந்து வெளியேற்றப்பட்ட மௌலானா, ராஞ்சியில் காவலில் வைக்கப்பட்டார்.

மௌலானா தம் எழுத்தின் விலையைத் தாமே கொடுத்தார். 'இந்தியா'வின் கதை அவ்வாறன்று. பாரதியார் புதுவையில் அடைக்கலம் புகுந்தார். ஏட்டின் பொறுப்பாளராகப் பதிவு பெற்றிருந்த எம். சீனிவாசனோ 1908இல் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். எல்லை ஒருவரைக் காத்தது. பதிவேட்டிலிருந்த பெயர் மற்றவரைச் சிறைக்கு அனுப்பியது. இதனால் பாரதியாரின் பெருமை குன்றாது. ஆயினும் சீனிவாசனின் தியாகத்தை மறத்தல் நீதியாகாது.

பாரதியாரும் இறுதியில் அவ்வெல்லையைக் கடந்தார். முதல் உலகப் போர் முடிந்து ஒன்பது நாட்களே ஆன நிலையில், 1918 நவம்பர் 20 அன்று கடலூர் அருகே கைதாகி, டிசம்பர் 14 வரை கடலூர்ச் சிறையில் இருந்தார். அந்நாட்களை நினைவுகூரும் நாம், அச்சிட்ட கரங்களையும் சுமந்து சென்ற கால்களையும் உடன் நினைவுகூர வேண்டும். ஒரு வரி எழுதியவரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அவ்வரியைப் பிறரிடம் கொண்டு சேர்த்தவரின் பெயரோ பெரும்பாலும் காவல்துறைக் குறிப்பில் மட்டுமே எஞ்சுகிறது.