மந்திரி மகள் ஏன் போனாள்?

ஒரு நாள் இரவு என் மகளுக்கு அராபியக் கதை சொல்ல ஆரம்பித்தேன். ஓர் அரசன் தினம் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு மறுநாள் காலையில் அவளைக் கொன்றுவிடுவான் என்று சொன்னதுமே, படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அது தெரிஞ்சுமா அப்பா அந்தப் பொண்ணு அவனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டா? அவளுக்கு வேறே மாப்பிள்ளையே கிடைக்கலையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் சிறு வயதில் படித்த புத்தகத்தில் முன்கதை இரண்டே வரிதான். குழந்தைகளுக்குத் தகாதது என்று வெட்டியிருப்பார்கள். குப்பிக்குள்ளிருந்து பூதம் வந்தால் போதும் என்று நானும் பக்கத்தைப் புரட்டியவன்தான். 'தொடரும்' போட்டுப் பிழைக்கிற எங்கள் ஜாதிக்கே ஷஹராஸாத்தான் மூதாட்டி என்று நான் மேடையில் முழங்கியிருக்கிறேன். அவள் அந்த அரண்மனைக்குள் எப்படி வந்தாள் என்று மட்டும் ஒருநாளும் விசாரித்ததில்லை.

மறுநாள் விசாரிக்க உட்கார்ந்தேன்.

அவளைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சாட்சி ஒரு கிழிந்த காகிதம். எகிப்திலிருந்து சிகாகோவுக்குப் போய்ச் சேர்ந்தது. 879-ஆம் ஆண்டில் யாரோ ஒருவர் அதன் ஓரங்களில் பத்திர வாசகங்களை எழுதிப் பழகியிருக்கிறார். அதற்கும் முன்பே அந்தத் தாளில் இருந்த சில வரிகளில், ஒருத்தி இன்னொருத்தியைக் கதை சொல்லும்படி கேட்கிறாள். அந்த வரிகளைப் படித்து 1949-இல் வெளியிட்டவர் நபியா அபட் என்ற அம்மையார். நம் லக்னோவில் கல்லூரிப் படிப்பு முடித்தவர்! யார் கேட்டார், யார் சொன்னார் என்பது அந்தக் காகிதத்தில் இருக்கிறது. ஏன் சொன்னாள் என்பதற்கு அதில் பதில் இல்லை.

அடுத்து, பாக்தாதில் புத்தக வியாபாரம் செய்த இப்னு அல் நதீம். 987-ஆம் ஆண்டில் தமக்குத் தெரிந்த நூல்களுக்கெல்லாம் அவர் ஒரு ஜாபிதா தயாரித்தார். பாரசீகத்தில் 'ஆயிரம் கதைகள்' என்று ஒரு நூல் உண்டு என்று சொல்லி, கொல்லும் அரசனையும் ஷஹராஸாத்தையும் சுருக்கமாக அறிமுகம் செய்கிறார். அதில் அவள் ராஜவம்சத்துப் பெண், புத்திசாலி, அரசனிடம் வந்து சேர்ந்தவள், கதை சொல்லித் தப்பியவள். அவ்வளவுதான். புத்தகம் சாரமற்றது என்பது அவருடைய அபிப்பிராயம். மதிப்புரை எழுதுகிறவர்கள் ஆயிரம் வருஷமாக மாறவே இல்லை!

இதே உபாயம் நம் தேசத்திலும் உண்டு. உத்தராத்தியயன சூத்திரத்துக்கு ஜைனர்கள் எழுதிய உரையில் கனகமஞ்சரி என்று ஒரு சித்திரக்காரன் மகள் வருகிறாள். அரசனுக்கு ராணிகள் பலர். இவள் தன் முறை வந்த இரவில் தோழிக்குக் கதை சொல்கிறாள்; முடிச்சை மட்டும் நாளைக்கு என்று நிறுத்திவிடுகிறாள். தூங்குவதுபோல் படுத்திருக்கும் அரசன் மறுநாளும் அவளிடமே வருகிறான். இப்படி ஆறு மாதம். அராபியக் கதையின் முன்கதை இந்தியாவிலிருந்து போனதே என்று வாதித்த பண்டிதர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் கனகமஞ்சரி காப்பாற்றிக்கொண்டது கணவனின் பிரியத்தை.

கடைசியாக, சிரியாவிலிருந்து வந்த கையெழுத்துப் பிரதி. 14 அல்லது 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1701-இல் அந்த்வான் காலான் என்ற பிரெஞ்சுக்காரர் கையில் கிடைத்தது. 1704 முதல் அவர் வெளியிட்ட மொழிபெயர்ப்பால்தான் ஐரோப்பாவே இந்தக் கதைகளில் மயங்கியது. என் மகளின் கேள்விக்குப் பதில் இந்தப் பிரதியின் முன்கதையில் இருக்கிறது.

இங்கே ஷஹராஸாத் மந்திரியின் மகள். பெண்களைக் கொண்டுவந்து கொடுத்து, காலையில் கொல்லவும் வேண்டிய பொறுப்பு அந்த மந்திரியுடையது. ஊரில் பெற்றவர்கள் அழுகிறார்கள். இவளுக்கோ ஓர் ஆபத்தும் இல்லை. வீட்டில் பத்திரமாக இருக்கிறாள், நிறையப் படித்தவள். அவளே தகப்பனாரிடம் போய், "என்னை அரசனுக்குக் கொடுங்கள். அந்தப் பெண்களைக் காப்பாற்றுவேன், இல்லையென்றால் அவர்களைப்போல் நானும் சாகிறேன்" என்கிறாள்.

தகப்பனார் பதறிப்போய் ஒரு கதை சொல்கிறார். ஆம், ஷஹராஸாத் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் அப்பா கதை சொல்லிவிடுகிறார்! உழுது களைத்த மாட்டுக்குக் கழுதை இரக்கப்பட்டு, நோய் வந்ததுபோல் படுத்துக்கொள் என்று யோசனை சொல்லிற்றாம். மறுநாள் மாட்டுக்குப் பதில் கழுதையின் கழுத்தில் நுகத்தடி ஏறிற்றாம். ஊரார் பாரத்தைச் சுமக்கப் போகாதே என்பது தாத்பரியம். நல்ல கதைதான். ஆனால் மகள் அசையவில்லை. தங்கையைக் கூப்பிட்டு, "நான் ஆள் அனுப்புவேன், வந்து என்னிடம் கதை கேள்" என்று சொல்லி வைத்துவிட்டுப் புறப்படுகிறாள்.

உயிர் தப்பக் கதை சொன்ன சாமர்த்தியசாலி என்றுதான் இத்தனை நாள் அவளை நினைத்திருந்தேன். தப்ப வேண்டிய அவசியமே இல்லாத இடத்திலிருந்து அவள் நடந்து வந்திருக்கிறாள். முன்கதையை வெட்டினால் கெட்டிக்காரி மிஞ்சுகிறாள், கதாநாயகி போய்விடுகிறாள்.

அரசன் மன்னித்தான், அவளுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தன என்று 1835-இல் கெய்ரோவுக்கு அருகே பூலாக்கில் அச்சான பதிப்பு முடிகிறது. அந்தச் சிரியப் பிரதியோ 282-ஆவது இரவோடு அறுந்து நிற்கிறது. அதில் அவளுக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை, சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

அன்றிரவு இதையெல்லாம் என் மகளிடம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அப்போ, அவங்க அப்பா சொன்ன கதையை அவ கேக்கவே இல்லையா?" என்றாள்.

"கேட்டாள், கண்ணு. நன்றாகக் கேட்டுவிட்டுத்தான் போனாள்" என்றேன்.

விளக்கை அணைத்த பிறகும் எனக்கு வெகு நேரம் தூக்கம் வரவில்லை. அந்தத் தகப்பனாரை நினைத்துக்கொண்டிருந்தேன்.