விலாசம் மாறிய கடைகள்

பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரத்து வர்த்தக சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களைப் பற்றியும், மிளகு, ஜாதிக்காய், ஈயம், ரப்பர் முதலான சரக்குகளைப் பற்றியும், தனவந்தர்கள் எழுப்பிய மாளிகைகளைப் பற்றியும் விஸ்தாரமாக எழுதியிருக்கிறார்கள். சிறு கடைக்காரர் ஒருவர் தம் கடையை ஓரிடத்திலிருந்து பெயர்த்து மற்றோரிடத்துக்குக் கொண்டுபோன கதைக்கு அவ்வளவு இடம் கிடைத்ததில்லை. ஆயினும், 1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் சுவாதீனப்படுத்திக்கொண்ட நாள் தொட்டு, இந்நகரத்துச் சிறு வியாபாரிகளிற் பெரும்பாலோர் பிறர் நிலத்தில், பிறர் கூரையின் கீழ், பிறர் வகுத்த நிபந்தனைக்கு உட்பட்டே தொழில் செய்து வந்திருக்கிறார்கள். அந்த இடம் கைவிட்டுப் போகும்போது எது கூட வரும், எது வராது என்ற கேள்வி அவர்களுக்குத் தலைமுறைக்கு ஒருமுறையாவது எழாமற் போனதில்லை. இணையத்தில் கடை வைத்திருக்கும் இன்றைய மளிகைக்காரரோ ஜவுளிக்காரரோ, தம் இணையதளத்தை ஒரு நிறுவனத்தின் மேடையிலிருந்து வேறொன்றுக்கு மாற்ற நினைக்கும்போது எதிர்ப்படுவதும் அக்கேள்வியேயாதலால், பழைய இடமாற்றங்களின் வரலாறு அவருக்கு உபயோகப்படும் என்ற நம்பிக்கையுடன் இதை எழுதுகிறேன்.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கியிலிருந்து தொடங்குவது உசிதமாகும். கொண்டுவிக்கப் போன தேசங்களிலெல்லாம் அவர்கள் அமைத்துக்கொண்ட தொழில் ஸ்தலம் அது. பினாங்கிலும் பினாங்குத் தெருவை ஒட்டி அவர்களுடைய கிட்டங்கிகளும், திருவிழாக் காலத்தில் உற்சவமூர்த்தி எழுந்தருளும் கோயில் வீடும் இருந்தன. கிட்டங்கி என்பது முன்பின் நீண்ட ஒரே கூடம். அதில் தனித்தனி அறைகள் கிடையா. சுவரோரமாகப் பாய் விரித்து, அதன்மேல் தாழ்ந்த சாய்வு மேஜை ஒன்று, பூட்டுப்போட்ட மரப்பெட்டி ஒன்று, பக்கத்தில் பேரேடுகள் என்று இவ்வளவுதான் ஒரு கடை. அடுத்த பாயில் அடுத்த கடை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று உத்தியோகம் வகுத்துக்கொண்டு, சமையற்காரரையும் கிணற்றையும் பொதுவாக வைத்துக்கொண்டு, பல லேவாதேவிக் கடைகள் ஒரே கூரையின் கீழ் ஒன்றுக்கொன்று இடைஞ்சலின்றி நடந்து வந்தன. கூடத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர். அதில் உட்கார்ந்து தொழில் செய்தவர்கள் இடத்துக்குரிய வாடகையைக் கொடுத்தவர்கள்.

இந்த ஏற்பாட்டில் நான் மிகவும் வியப்பது, எது பொது, எது தனி என்பதை அவர்கள் எவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருந்தார்கள் என்பதையே. பாட்டனார், தகப்பனார் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்தமைத்த விலாசம் அந்தக் குடும்பத்தினுடையது; அதே எழுத்துகள் ரங்கூனிலும் கொழும்பிலும் சைகோனிலும் செல்லுபடியாயின. பேரேடும் கடன் பத்திரங்களும் அவர்கள் பெட்டிக்குள் இருந்தன. மூன்று வருஷக் கணக்கு முடிந்து மேலாள் ஊர் திரும்பி வேறொருவர் வந்தாலும், ஒரு கூடத்தை விட்டு மற்றொரு கூடத்துக்குப் பெட்டியைத் தூக்கிச் சென்றாலும், கடன் வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் அந்த விலாசமே அடையாளமாக நின்றது. கூடம் இரவலானாலும் தொழில் இரவலாகாதபடி அதை அமைத்துக்கொண்டவர்கள் அவர்கள். 1857-இல் நீர்வீழ்ச்சிச் சாலையில் தண்டாயுதபாணி கோயிலை ஸ்தாபித்து, தைப்பூசத்துக்குப் பினாங்குத் தெருவிலிருந்து வெள்ளி ரதத்தை அங்கே அழைத்துச் செல்லும் வழக்கத்தை நிலைநிறுத்தியதும் அதே சமூகம்தான்; கிட்டங்கித் தொழில் மங்கிய பிறகும் ரதம் நிற்கவில்லை.

இதற்கு எதிர்முனையில் இருந்தவர்கள் காவடித் தண்டில் சோற்றையும் குழம்பையும் சுமந்து விற்ற தமிழ் முஸ்லிம்கள். நாசி கண்டார் என்று இன்று உலகறிந்த அந்த உணவு, துறைமுகத் தொழிலாளருக்காகத் தெருத்தெருவாக அலைந்து விற்கப்பட்டு, பின்னர் மரநிழலிலும் கடைவீடுகளின் முன்புறத்து ஐந்தடி நடையிலும் உட்கார்ந்து, அப்பால் சீனர் காப்பிக் கடைகளில் ஒரு மூலையை வாடகைக்குப் பிடித்து, இறுதியில் சொந்தக் கடையை எட்டியது. காம்பெல் தெருவின் ஹமீதியா 1907 முதல் நடந்து வருகிறது. ஆனால் மூலைக்கடைக்காரர்களில் எல்லோரும் அந்தப் படிவரை ஏறியவர்களல்லர். காப்பிக் கடை விற்கப்பட்டால் அவர் மறுநாளே எழுந்தாக வேண்டும். அப்போது தூணில் ஒரு அட்டையை ஆணியடித்து, இன்ன தெருவில் இன்ன காப்பிக் கடைக்குப் போயிருக்கிறோம் என்று எழுதி வைத்துவிட்டுப் போவது இந்நகரத்து வழக்கம். புதிய காப்பிக் கடைக்காரர் அந்த அட்டையை எத்தனை நாள் விட்டு வைக்கிறார் என்பதைப் பொறுத்தே பழைய வாடிக்கையில் எவ்வளவு பங்கு மிஞ்சும் என்பது நிர்ணயமாயிற்று.

இந்நகரம் கண்ட மாபெரும் கடைப்பெயர்ச்சி 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நேர்ந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் வீட்டுத் தட்டுப்பாட்டின் காரணமாக வந்த வாடகைக் கட்டுப்பாடு, 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உறுதிபெற்று, 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களையெல்லாம் தன் ஆட்சியில் வைத்திருந்தது. பினாங்கில் மட்டும் சுமார் 12,000 கட்டடங்கள் இதில் அடங்கின. வாடகை உயராது, குடியிருப்பவரை எளிதில் வெளியேற்ற முடியாது. தலைமைக் குடித்தனக்காரர் ஒருவர் அற்ப வாடகைக்கு எடுத்து, முன்கூடத்தை ஒருவருக்கும், மாடியை மற்றொருவருக்கும், படிக்கட்டின் கீழுள்ள இடத்தைக் கூட இன்னொருவருக்கும் உள்வாடகைக்கு விடுவது சகஜமாயிருந்தது. தகரவேலைக்காரர், தொப்பி தைப்பவர், பூக்கட்டுபவர், பிரம்பு பின்னுபவர் முதலிய கைத்தொழிலாளர் அந்த மலிவான வாடகையை நம்பியே ஜீவனம் செய்தனர். வீட்டுக்காரர் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. வருகிற வாடகை ஓடு மாற்றக்கூடப் போதாமல், கூரைகள் ஒழுகி, சுவரில் ஆலங்கன்று வேர்விட்ட கட்டடங்களை அக்காலத்தில் தெருவுக்குத் தெரு காணலாம்.

1997-இல் அச்சட்டத்தை ரத்துச் செய்யும் சட்டம் வந்தது. 1999 டிசம்பர் 31 வரை அவகாசம் கொடுக்கப்பட்டது. மறுநாள் முதல் வாடகை சந்தை நிலவரத்துக்கு விடப்பட, பன்மடங்காக உயர்ந்த தொகையைக் கொடுக்க இயலாதவர்கள் ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம், கடல் கடந்து பட்டர்வொர்த் என்று சிதறினர். காலியான கடைவீடுகள் சிலவற்றில் சன்னல்களைச் செங்கல்லால் அடைத்து, ஒலிபெருக்கியில் பறவைச் சத்தத்தை எழுப்பி, கூட்டுக்காக உழவாரன் குருவிகளை வளர்க்கத் தொடங்கினார்கள். பின்னர், 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமான பிறகு, தங்கும் விடுதிகளும் காப்பியகங்களும் வந்தன. இக்கடைப்பெயர்ச்சியில் யார் பிழைத்தார்கள், யார் மறைந்தார்கள் என்று பார்த்தால், என் அபிப்பிராயத்தில், கைத்திறனோ சரக்கின் தரமோ அதைத் தீர்மானிக்கவில்லை. பெயர்ப்பலகையும் பில் புத்தகமும் தொலைபேசி எண்ணும் உடையவர் வேறிடம் போயும் தேடி வரப்பட்டார். "அந்தக் கோயில் முனையில் உட்கார்ந்திருப்பாரே, அவர்" என்பதைத் தவிர வேறு பெயரில்லாதவரை, அந்த முனையை விட்டு அகன்றதும் வாடிக்கைக்காரரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அத்தகையோரின் தொழிலோடு அத்தொழிலின் நுட்பமும் போனதை எண்ணும்போது எனக்கு இன்றும் வருத்தம் தணிவதில்லை.

2020 மார்ச் 18-இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்து கதவுகள் அடைபட்டபோது, இணையத்தை அதுவரை எட்டிப்பாராத கடைக்காரர்களில் பலர் அவசர அவசரமாக இணையக் கடை திறந்தார்கள். மாதச் சந்தா கட்டினால் பலகணி முதல் பணப்பெட்டி வரை எல்லாம் தயாராகக் கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. வசதி பெரிதுதான், ஆனால் அதுவும் வாடகை இடமே. 1994-இல் தோன்றி லட்சக்கணக்கான பக்கங்களைத் தாங்கிய ஜியோசிட்டீஸ் என்னும் இணையதள மேடையை யாஹூ 2009 அக்டோபரில் மூடியது. கூகுள் தன் வணிக விவரப் பக்கத்தோடு இலவசமாகக் கட்டிக்கொள்ள அனுமதித்த சிறு தளங்களை 2024 மார்ச்சில் நிறுத்தி, பழைய முகவரிக்கு வருபவரைத் திருப்பிவிடும் வசதியை அவ்வாண்டு ஜூன் 10-ஆம் தேதி வரை மட்டுமே நீட்டித்தது. தூணில் ஆணியடித்த அட்டை மூன்று மாதம் இருந்தது என்று இதைக் கொள்ளலாம்.

மூடப்படாமலே நாமாக விட்டு வர நேர்ந்தாலும் தடைகள் உண்டு. விக்ஸ் போன்ற மேடையில் கட்டிய தளத்தை அப்படியே பெயர்த்தெடுத்து வேறிடத்தில் வைக்க வழியில்லை. சரக்குப் பட்டியலை சிஎஸ்வி என்னும் அட்டவணைக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம், பக்கங்களைப் புதிதாகவே கட்ட வேண்டும். அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் படங்கள் அதில் இரா. படங்கள் இருக்கும் முகவரி மட்டுமே இருக்கும், அதுவும் பழைய நிறுவனத்தின் கிடங்கைச் சுட்டும். பழைய கணக்கை முதலில் மூடிவிட்டுப் பிறகு புதிய தளத்தில் ஏற்ற முனைந்தால் புடவைக்கும் படமில்லை, பாத்திரத்துக்கும் படமில்லை. தமிழில் சரக்குப் பெயர் எழுதியவருக்கு இன்னொரு ஜாக்கிரதை வேண்டும்: கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்காவிட்டால், மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் பொருளற்ற குறிகளாகச் சிதைந்து, எது எதுவென்று விலையைப் பார்த்து ஊகிக்க வேண்டிவரும். வாடிக்கைக்காரரின் கடவுச்சொற்களும் பொதுவாகக் கூட வருவதில்லை. அவர்கள் புதிதாக அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதித் தெரிவிப்பது மரியாதை.

விலாசத்தைப் பற்றியே அதிகம் சொல்ல வேண்டும். சந்தா நிறுவனத்தின் பெயரை வாலாகக் கொண்ட இலவச முகவரி கடைக்காரருடையதன்று. கம்பெனிப் பதிவு உள்ளவர் மைநிக் அமைப்பு நிர்வகிக்கும், மலேசியாவுக்குரிய டாட் மை பிரிவில் தம் பெயரில் டொமைன் வாங்கிக்கொள்ளலாம். அதைத் தளம் வடிவமைத்த இளைஞரின் பெயரில் பதிய விட்டுவிட்டு, பின்னர் அவர் எங்கே இருக்கிறார் என்று தேடுவது இவ்வூரிலும் நடக்கிற காரியம். டொமைன் கையிலிருந்தாலும், அதன் உட்பக்கங்களின் முகவரிகள் மேடைக்கு மேடை மாறும். ஆகவே ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு, இடப்பக்கத்தில் பழைய முகவரி, வலப்பக்கத்தில் அதற்கு நேரான புதிய முகவரி என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் எழுதி, 301 என்னும் எண்ணால் வழங்கும் நிரந்தரத் திருப்பத்தைப் போட வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் தேடுபொறி பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த மதிப்பும், யாரோ ஒருவர் வாட்ஸாப்பில் தம் தங்கைக்கு அனுப்பிய சுட்டியும் அந்தத் தாளின் வழியாகத்தான் புதிய கடைக்கு வந்து சேரும். அஞ்சலுக்குரிய எம்எக்ஸ் பதிவையும் உடன் மாற்றி எழுத மறந்தால், தளம் அழகாகத் திறக்கும், ஆர்டர் கடிதங்கள் மட்டும் வந்து சேரா.

இந்தத் திருப்பங்களைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்பது கூகுள் சொல்லும் யோசனை. கடைத்தெரு வியாபாரிக்கு நான் அதைவிடச் சற்று நீட்டியே சொல்லுவேன். ஒரு தீபாவளியும் இரண்டு தைப்பூசமும் கழியும்வரை பழைய முகவரிகள் அத்தனையும் உயிரோடிருக்கட்டும். ஈப்போவிலிருந்தும் சுங்கைப்பட்டாணியிலிருந்தும் பால்குடத்துக்கும் மஞ்சள் வேட்டிக்கும் வருஷத்தில் ஒரே ஒருமுறை ஆர்டர் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சென்ற ஆண்டு சேமித்து வைத்த சுட்டியைத்தான் அவர்கள் தை மாதத்தில் அழுத்துவார்கள்.