உரிமைக் குறிப்பில் ஓர் ஆண்டு

நூலின் தலைப்பேட்டுக்குப் பின்புறத்தே உரிமையாளரின் பெயரோடு ஓர் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். வாசகர் பெரும்பாலும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அவ்வெண் பிழைத்தமையால் உரிமையையே இழந்தோர் உளர்.

நூல்களில் உரிமைக் குறிப்பு இருத்தல் வேண்டுமெனும் விதி அந்நாட்டில் 1802ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. உரிமை எப்போது முடிவுறும் என்பதைப் பிறர் கணக்கிடுதற்கு ஆண்டே ஆதாரம். 1846 எனப் பொறிக்கவேண்டிய இடத்தில் 1847 எனப் பொறித்த நூலொன்றின் வழக்கு 1848இல் விசாரணைக்கு வந்தது. அறியாது நேர்ந்த பிழை என்ற வாதம் எடுபடவில்லை, உரிமை பறிபோயிற்று. இதற்கு மாறான வழக்கொன்றை 1888இல் உச்ச நீதிமன்று தீர்த்தது. அதில் 1867க்குப் பதிலாக 1866 என்றிருந்தது. முந்திய ஆண்டைக் குறித்தவர் தமது காலத்தையே குறைத்துக்கொண்டார், பொதுமக்களுக்கு நட்டமில்லை என்று கூறி, மன்று அவருரிமையைக் காத்தது. பிந்திய ஆண்டைக் குறிப்பவரோ பொதுமக்களுக்குரிய ஓராண்டைக் கவர்பவராகிறார். கடுமையான நியாயந்தான், எனினும் நியாயமே.

1952இல் ஜெனீவாவில் உருவான உலகப் பதிப்புரிமை உடன்படிக்கையும் வட்டத்துள் அமைந்த 'சீ' எழுத்து, உரிமையாளர் பெயர், முதல் வெளியீட்டாண்டு ஆகிய மூன்றையும் கேட்டது.

பின்னர் கணினிச் செய்நிரல்கள் வந்தன. அவை அடிக்கடி திருத்தப்பட்டு, பழைய வரிகளும் புதிய வரிகளும் கலந்து வெளிவருவன. அவற்றுக்கு எந்த ஆண்டைக் குறிப்பது? திருத்திய பதிப்புக்கு அதன் ஆண்டே போதுமென்றது 1976ஆம் ஆண்டுச் சட்டம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகமோ 1982, 1986, 1993 என ஆண்டுகளை அடுக்கியே எழுதிற்று. முதலாண்டையும் இறுதியாண்டையும் சிறு கோட்டால் இணைப்பாரும் உண்டு. இடைப்பட்ட ஒவ்வோராண்டும் உரிமைக்குரிய ஆண்டாக இருந்தாலன்றி அவ்வாறு இணைத்தலாகாது என்பது குனூ திட்டத்தாரின் விதி.

அக்குறிப்பே இல்லாதுவிடின் என்னவாகும் என்பதை அப்பல்கலைக்கழகமும் சம்பந்தப்பட்ட யூனிக்ஸ் வழக்குக் காட்டியது. 32வி எனப்படும் பழைய யூனிக்ஸ் பதிப்பு குறிப்பின்றியே பலரிடம் வழங்கப்பட்டிருந்தது. ஆகவே அதில் உரிமை நிலைப்பது ஐயமென்று 1993இல் நீதிபதி கருதி, உரிமை கோரியோர் வேண்டிய இடைக்காலத் தடையை மறுத்தார். வழக்கு 1994இல் இணக்கமாக முடிந்தது.

1989 மார்ச் முதலாந் திகதி தொடக்கம் வெளியாகும் ஆக்கங்களுக்கு அந்நாட்டில் குறிப்பு கட்டாயமன்று. ஆயினும் புத்தாண்டு பிறந்ததும் கோப்புகளில் ஆண்டைத் திருத்தும் வழக்கம் செய்நிரலாளரிடையே நீடிக்கின்றது. புதிய வரியொன்றும் சேராத கோப்பில் ஆண்டை மட்டும் மாற்றுவதால் உரிமைக் காலம் ஒரு நாளேனும் நீளாது.