வேதாளத்தின் கடைசிக் கேள்வி

என் பேரன் கணினியில் ஒரு பழைய சாகச விளையாட்டோடு இரண்டு நாளாக மல்லுக்கட்டினான். புதிர் ஒன்றை அவிழ்த்தால்தான் கதை மேலே நகருமாம். "எங்களுக்கு இது பழகியதுதான்டா" என்றேன்.

1947இல் தொடங்கிய அம்புலிமாமாவை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க முடியாது. வேதாளத்தைத் தோளில் சுமந்து நடக்கும் விக்கிரமாதித்தன், ஓவியர் சங்கரின் கைவண்ணம். அங்கே விதி தலைகீழ். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மரமேறிவிடும். அடுத்த மாதம் மறுபடியும் முதலிலிருந்து! அந்த முட்டுக்கட்டைதான் தொடரையே ஓட்டியது.

முடிவுக்குக் காத்திருந்தே எனக்கு மீசை முளைத்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது, காஷ்மீரத்துச் சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் வடமொழியில் எழுதிய கதாசரித்சாகரத்தில் முடிவு இருக்கிறது என்று. அங்கே ராஜாவின் பெயர் திரிவிக்கிரமசேனன்.

தகப்பனும் மகனும் காட்டில் ஒரு தாயையும் மகளையும் சந்திக்கிறார்கள். மகளைத் தகப்பனும், தாயை மகனும் மணக்கிறார்கள். பிறக்கும் குழந்தைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு? ராஜாவுக்கு விடை தெரியவில்லை. எதையாவது ஜோடித்துச் சொல்லாமல், பேசாமல் நடந்தான். வேதாளம் மகிழ்ந்து, சந்நியாசியின் சூழ்ச்சியைச் சொல்லி அவன் உயிரைக் காப்பாற்றியது.

ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நமக்கு மௌனத்தின் அருமை தெரியாததா?

"சரி தாத்தா, அந்தக் குழந்தைகள் என்ன உறவு?" என்றான் பேரன்.

நானும் பேசாமல் எழுந்து மாலை நடைக்குக் கிளம்பிவிட்டேன்.