ஹிப்போகாம்பஸ்

பெருமூளையின் பொட்டு மடல்களுக்குள், இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக அமைந்துள்ள வளைந்த பகுதி ஹிப்போகாம்பஸ். புதிய நினைவுகள் உருவாக இது இன்றியமையாதது. நீளம் நான்கைந்து சென்டிமீட்டர்தான். குறுக்கே வெட்டிப் பார்த்தால், பெருமூளைப் புறணியின் உள்விளிம்பு பாய் சுருட்டியதுபோல் மடங்கியிருப்பது தெரியும். முன்முனையை ஒட்டி, அச்ச உணர்வோடு தொடர்புள்ள அமிக்டலா இருக்கிறது. காட்சி, ஒலி, மணம் பற்றிய செய்திகள் புறணியின் பல இடங்களிலிருந்து அருகிலுள்ள என்டோரைனல் புறணி வழியாக இங்கு வந்து சேர்கின்றன.

இதன் பணி தெளிவானது ஒரு மனிதரின் பேரிழப்பால். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் 1953இல், கடும் வலிப்பால் துன்புற்ற 27 வயது ஹென்றி மோலைசனுக்கு வில்லியம் ஸ்கோவில் அறுவை சிகிச்சை செய்தார். இருபுறமும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியும் சுற்றியிருந்த திசுக்களும் அகற்றப்பட்டன. வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அதன்பின் நடந்த நிகழ்ச்சிகள் ஏறக்குறைய எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. பல ஆண்டுகள் அவரை ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர், ஒவ்வொரு முறையும் புதியவராகவே தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. இளமைக்கால நிகழ்ச்சிகள் பல மோலைசனுக்கு நினைவிருந்தன; பேச்சும் அறிவுத்திறனும் குறையவில்லை. கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேர்ந்தார், முந்தைய நாள் வரைந்ததே நினைவில்லாமல். கைப்பழக்கம் வேறு, நிகழ்ச்சி நினைவு வேறு என்பதும், ஹிப்போகாம்பஸ் பழைய நினைவுகள் அனைத்தின் கிடங்கு அல்ல என்பதும் இதனால் புலப்பட்டன. 1957இல் ஸ்கோவிலும் மில்னரும் வெளியிட்ட கட்டுரை நினைவாற்றல் ஆய்வின் அடித்தளங்களுள் ஒன்று. மோலைசன் 2008இல் இறக்கும்வரை ஆய்வுலகம் அவரை எச்.எம். என்றே அறிந்திருந்தது. தாம் செய்த உதவியை நினைவில் வைக்க இயலாத அவருக்கு மூளையியல் பட்ட கடன் பெரிது.

இடமறிதலிலும் ஹிப்போகாம்பஸுக்குப் பங்குண்டு. குறிப்பிட்ட இடத்தில் எலி நிற்கும்போது மட்டும் துடிப்பாக இயங்கும் செல்களை ஜான் ஓ'கீஃப் 1971இல் இங்கே கண்டறிந்தார். இதற்காக 2014ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நகரின் தெருக்களை மனத்தில் பதித்துவைத்திருக்கும் லண்டன் டாக்ஸி ஓட்டுநர்களின் ஹிப்போகாம்பஸில் பின்பகுதி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருந்ததை 2000இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது என்டோரைனல் புறணியையும் ஹிப்போகாம்பஸையுமே. காலையில் சாப்பிட்டதை மறந்த முதியவர் ஐம்பது ஆண்டுக்கு முந்தைய கல்யாணத்தை விவரமாகச் சொல்வது இதனால்தான். அதை நடிப்பென்று வீட்டார் கடிந்துகொள்வது அநியாயம். நோய் முற்றிப் புறணி முழுவதும் பரவும்போது பழைய நினைவுகளும் சிதைகின்றன.