கணினிப் பாகங்களின் பொருந்துதன்மை

கணினிப் பாகங்களின் பொருந்துதன்மை என்பது, தனித்தனியாக வாங்கப்பட்ட பாகங்களைக் கொண்டு ஒரு மேசைக் கணினியை உருவாக்கும்போது, அப்பாகங்கள் ஒன்றோடொன்று இணைந்து தத்தம் முழுத் திறனுடன் இயங்கும் தன்மையைக் குறிக்கும். நிகழ்பட ஆட்டங்களுக்கும் நிகழ்படத் தொகுப்புக்கும் உரிய கணினிகள் பெரும்பாலும் இவ்வாறு பயனரின் தேவைக்கேற்ப உருவாக்கப்படுகின்றன. இவற்றின் பாகங்கள் விலை மிகுந்தவை. மின்நுகர்வும் வெப்பமும் மிகுந்தவை. ஆகவே தெரிவில் நேரும் பிழை பண இழப்பையும் சில வேளைகளில் பாகங்களின் சேதத்தையும் விளைவிக்கும்.

பொருந்துதன்மையை நான்கு நிலைகளாகப் பிரித்து நோக்கலாம்.

1. அளவுப் பொருத்தம்: பாகம் அதற்குரிய இடத்தில் அமர்தல்.
2. மின் பொருத்தம்: உரிய மின்னழுத்தமும் மின்திறனும் கிடைத்தல்.
3. நிலைமென்பொருள் பொருத்தம்: தாய்ப்பலகையின் பயாஸ் அப்பாகத்தை அடையாளம் காணுதல்.
4. திறன் பொருத்தம்: ஒரு பாகத்தின் வேகத்தை மற்றொரு பாகம் கட்டுப்படுத்தாதிருத்தல்.

முதல் நிலை நிறைவேறிவிட்டால் மற்றவையும் நிறைவேறிவிட்டதாகக் கொள்ள இயலாது. பொருத்துவாயில் சரியாக அமரும் பாகம் இயங்காமல் போவதும் உண்டு.

வரலாறு

1981 ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட தனிமேசைக் கணினி, விரிவாக்க அட்டைகளைச் செருகும் வகையில் அமைந்திருந்தது. அதன் தொழினுட்ப விவரங்கள் வெளியிடப்பட்டமையால் பிற நிறுவனங்களும் அதற்குப் பொருந்தும் அட்டைகளையும் கணினிகளையும் தயாரித்தன. 1995 இல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்னும் தரத்தை அறிமுகப்படுத்தியது. தாய்ப்பலகையின் அளவு, திருகுத் துளைகளின் இடம், மின்வழங்கியின் இணைப்பி ஆகியவற்றை இத்தரம் வரையறுத்தது. வெவ்வேறு நிறுவனங்களின் பெட்டி, பலகை, மின்வழங்கி ஆகியவற்றை ஒன்றாகப் பயன்படுத்த முடிவது இத்தகைய தரங்களாலேயே ஆகும். ஆயினும் செயலியின் பொருத்துவாய்க்கு அவ்வாறான பொதுத்தரம் இல்லை. ஒவ்வொரு செயலித் தயாரிப்பு நிறுவனமும் தனக்கெனப் பொருத்துவாய்களை வகுத்துள்ளது.

செயலியும் தாய்ப்பலகையும்

செயலியின் பொருத்துவாயும் தாய்ப்பலகையின் பொருத்துவாயும் ஒன்றாக இருத்தல் வேண்டும். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் செயலிகள் 2017 முதல் ஏஎம்4 பொருத்துவாயையும், 2022 இல் வெளியான 7000 வரிசை முதல் ஏஎம்5 பொருத்துவாயையும் பயன்படுத்துகின்றன. இன்டெல் நிறுவனம் 2021 இல் எல்ஜிஏ 1700 பொருத்துவாயையும், 2024 இல் எல்ஜிஏ 1851 பொருத்துவாயையும் அறிமுகப்படுத்தியது.

பொருத்துவாய் ஒன்றாக இருந்தும் பொருந்தாமைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு எல்ஜிஏ 1151 ஆகும். 2015 இல் அறிமுகமான இப்பொருத்துவாயையே 2017 இல் வெளியான எட்டாம் தலைமுறை இன்டெல் மேசைக் கணினிச் செயலிகளும் கொண்டிருந்தன. எனினும் அவற்றுக்கு 300 வரிசைச் சில்லுத்தொகுதி உடைய தாய்ப்பலகை தேவைப்பட்டது. 100, 200 வரிசைப் பலகைகளில் அச்செயலிகள் அமர்ந்தாலும் அவை அதிகாரப்பூர்வமாக ஆதரிக்கப்படவில்லை. ஆகவே பொருத்துவாயின் பெயரோடு சில்லுத்தொகுதியின் பெயரையும் ஒப்பிடுதல் வேண்டும்.

ஏஎம்4 பலகைகளில் சிக்கல் பயாசைச் சார்ந்திருந்தது. பழைய பயாசுடன் கடைகளில் இருந்த பலகைகள், பின்னர் வெளியான செயலிகளை அடையாளம் காணவில்லை. பயாசை இற்றைப்படுத்தக் கணினி இயங்க வேண்டும். கணினி இயங்கப் பயாஸ் இற்றைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். இச்சிக்கலைத் தீர்க்க 2018 இல் ஏஎம்டி நிறுவனம் பழைய செயலி ஒன்றை வாடிக்கையாளர்களுக்கு இரவலாக அனுப்பியது. தற்காலத் தாய்ப்பலகைகள் பலவற்றில் செயலி இல்லாமலே பென் டிரைவ் மூலம் பயாசை இற்றைப்படுத்தும் வசதி உள்ளது. பலகை நிறுவனத்தின் தளத்தில் உள்ள செயலிப் பட்டியல், ஒவ்வொரு செயலிக்கும் தேவைப்படும் பயாஸ் பதிப்பையும் காட்டும்.

நினைவகம்

பேச்சு வழக்கில் ராம் எனப்படும் நினைவகம் தலைமுறைக்குத் தலைமுறை மாறுபடும். டிடிஆர்4, டிடிஆர்5 ஆகிய இரண்டு மேசைக் கணினி நினைவகங்களும் 288 முனைகளைக் கொண்டவை. ஆனால் அவற்றின் வெட்டு வெவ்வேறு இடங்களில் அமைந்திருப்பதால் ஒன்றின் செருகுவாயில் மற்றொன்று நுழையாது. ஏஎம்4 டிடிஆர்4 வகையையும், ஏஎம்5 டிடிஆர்5 வகையையும் மட்டுமே ஏற்கும். எல்ஜிஏ 1700 செயலிகள் இரண்டையும் ஏற்பினும், அதற்குரிய பெரும்பாலான பலகைகள் இரண்டில் ஒன்றை மட்டுமே ஏற்கும். மேலும், சேவையகங்களுக்குரிய பதிவக நினைவகம் சாதாரண மேசைக் கணினிகளில் இயங்காது.

ஒரே அளவுள்ள இரண்டு நினைவகங்களை உரிய செருகுவாய்களில் பொருத்தினால் அவை இருதடங்களில் இயங்கித் தரவு வேகத்தை அதிகரிக்கும். நான்கு செருகுவாய்கள் உள்ள பலகைகளில் அவை பொதுவாகச் செயலியிலிருந்து எண்ணும்போது இரண்டாவதும் நான்காவதும் ஆகும். பெட்டியில் அச்சிடப்பட்ட உயர்வேகம் தானாகவே கிடைப்பதில்லை. எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்னும் அமைப்பைப் பயாசில் இயக்க வேண்டும். நான்கு டிடிஆர்5 நினைவகங்களைப் பொருத்தும்போது பெரும்பாலும் வேகம் குறையும். ஆகவே அதிகக் கொள்ளளவு தேவைப்படுவோர் பெரிய நினைவகங்கள் இரண்டைத் தெரிவு செய்வது நன்று.

வரைகலை அட்டை

தற்கால வரைகலை அட்டைகள் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்னும் செருகுவாயில் பொருத்தப்படுகின்றன. இதன் தலைமுறைகள் ஒன்றுக்கொன்று இயைபுடையவை. நான்காம் தலைமுறை அட்டை மூன்றாம் தலைமுறைச் செருகுவாயிலும் இயங்கும். ஆனால் வேகம் பாதியாகும். பதினாறு தடங்களைப் பயன்படுத்தும் அட்டைகளில் இவ்விழப்பு பெரும்பாலும் சிறிதே. 2022 இல் வெளியான ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கு தடங்களை மட்டுமே கொண்டமையால், பழைய பலகைகளில் அதன் ஆட்டத் திறன் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. அதே ஆண்டில் வெளியான இன்டெல் ஆர்க் அட்டைகள் முழுத் திறனுடன் இயங்க, பலகையில் ரீசைசபிள் பார் என்னும் வசதி தேவை.

கணினித் திரையின் வடத்தைத் தாய்ப்பலகையில் செருகாமல் வரைகலை அட்டையிலேயே செருக வேண்டும். மாறிச் செருகினால் படம் தோன்றாமலோ, அட்டையின் திறன் முழுமையாகக் கிடைக்காமலோ போகலாம்.

சேமிப்பகம்

எம்.2 என்பது ஒரு வடிவத்தின் பெயரேயன்றி வேகத்தின் பெயரன்று. 2280 எனக் குறிக்கப்படும் சேமிப்பகம் 22 மி.மீ. அகலமும் 80 மி.மீ. நீளமும் உடையது. ஒரே வடிவில் சாட்டா வகையும் என்விஎம்இ வகையும் உள்ளன. சாட்டா வகை நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட்டு வேகத்தில் நின்றுவிடும். நான்காம் தலைமுறை என்விஎம்இ வகை நொடிக்கு ஏறத்தாழ 7000 மெகாபைட்டு வரை எட்டும். ஒரு வகையை மட்டும் ஏற்கும் செருகுவாயில் மற்ற வகை இயங்காது. சில பலகைகளில் எம்.2 செருகுவாயைப் பயன்படுத்தினால் சாட்டா முனையங்கள் ஒன்றிரண்டு செயலிழக்கும். இது பலகையின் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும்.

மின்வழங்கி

வரைகலை அட்டையின் செருகுவாய் வழியாக 75 வாட் வரையும், ஆறுமுனை இணைப்பி வழியாக 75 வாட் வரையும், எட்டுமுனை இணைப்பி வழியாக 150 வாட் வரையும் மின்திறன் பெறலாம். 2022 இல் அறிமுகமான 12விஎச்பிடபிள்யூஆர் இணைப்பி 600 வாட் வரை அளிக்கும். அவ்வாண்டில் வெளியான ஆர்டிஎக்ஸ் 4090 அட்டைகள் சிலவற்றில் இவ்விணைப்பி உருகியதாகச் செய்திகள் வந்தன. முழுமையாகச் செருகப்படாமை காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. 2023 இல் திருத்தப்பட்ட வடிவம் வெளியானது.

கழற்றக்கூடிய வடங்களைக் கொண்ட மின்வழங்கிகளில் மிகுந்த கவனம் தேவை. பாகங்களின் பக்கமுள்ள முனை பொதுத்தரம் உடையது. மின்வழங்கியின் பக்கமுள்ள முனைக்குப் பொதுத்தரம் இல்லை. ஒரு மின்வழங்கியின் வடம் மற்றொன்றில் எளிதாகச் செருகப்படலாம்; ஆனால் கம்பிகளின் வரிசை மாறுபட்டிருந்தால், கணினியை இயக்கிய அக்கணமே வன்தட்டும் பிற பாகங்களும் எரிந்துபோகலாம். ஆகவே பழைய மின்வழங்கியை மாற்றும்போது அதன் வடங்களையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

80 பிளஸ் என்னும் முத்திரை மின்வழங்கியின் பயனுறுதிறனை மட்டுமே காட்டும். பாதுகாப்பையோ ஆயுளையோ அது உறுதி செய்வதில்லை.

கணினிப் பெட்டியும் குளிர்விப்பும்

ஏடிஎக்ஸ் பலகை 305 × 244 மி.மீ., மைக்ரோ ஏடிஎக்ஸ் பலகை 244 × 244 மி.மீ., மினி ஐடிஎக்ஸ் பலகை 170 × 170 மி.மீ. அளவுடையவை. பெரிய பெட்டியில் சிறிய பலகையைப் பொருத்தலாம்; சிறிய பெட்டியில் பெரிய பலகை பொருந்தாது. பலகையின் அளவோடு வரைகலை அட்டையின் நீளம், தடிப்பு, செயலிக் குளிர்விப்பானின் உயரம் ஆகியவற்றையும் ஒப்பிட வேண்டும். எடுத்துக்காட்டாக, நாக்டுவா என்எச்-டி15 குளிர்விப்பான் 165 மி.மீ. உயரமுடையது, 160 மி.மீ. வரை இடமளிக்கும் பெட்டியின் பக்கக் கதவை அதனுடன் மூட இயலாது.

ஆட்டமும் தொகுப்பும்

ஆட்டங்களில் வரைகலை அட்டையின் திறனும் செயலியின் ஒற்றைக் கருவ வேகமும் முதன்மை பெறுகின்றன. நிகழ்படத் தொகுப்பில் கருவங்களின் எண்ணிக்கை, நினைவகக் கொள்ளளவு, சேமிப்பக வேகம் ஆகியவை கூடுதல் இடம் பெறுகின்றன. மென்பொருளும் தெரிவைக் கட்டுப்படுத்தும். குடா என்னும் நுட்பத்தைச் சார்ந்த மென்பொருள்களுக்கு என்விடியா அட்டை தேவை. இன்டெல் செயலிகளின் உள்ளமைந்த வரைகலையில் உள்ள குயிக் சிங்க் வசதி நிகழ்படக் கோப்புகளைத் திறப்பதை விரைவுபடுத்தும். பெயரின் இறுதியில் எஃப் என்னும் எழுத்தைக் கொண்ட இன்டெல் செயலிகளில் உள்ளமைந்த வரைகலை இல்லாததால் இவ்வசதி இராது. சிறிது குறைந்த விலைக்காக அவற்றை வாங்கும் தொகுப்பாளர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டு

2023 இல் வெளியான ரைசன் 7 7700 செயலியையும் ஆர்டிஎக்ஸ் 4070 வரைகலை அட்டையையும் அடிப்படையாகக் கொண்ட கணினி ஒன்றைக் கருதலாம். செயலி ஏஎம்5 வகையாதலால் பி650 சில்லுத்தொகுதி உடைய தாய்ப்பலகை பொருந்தும். அதற்கு டிடிஆர்5 நினைவகம் தேவை. 16 கிகாபைட்டு அளவில் இரண்டு பொருத்தலாம். செயலியின் உச்ச மின்நுகர்வு 88 வாட், அட்டையின் மின்நுகர்வு 200 வாட். தாய்ப்பலகை, விசிறி, சேமிப்பகம் ஆகியவற்றுக்கு 75 வாட் எனக் கொண்டால் மொத்தம் 363 வாட் ஆகும். எனினும் அட்டையின் நுகர்வு கணநேரத்திற்கு மிகவும் உயரக்கூடும் என்பதால் 650 வாட் மின்வழங்கி பொருத்தமானது. என்விடியா பரிந்துரைக்கும் அளவும் இதுவே.

தெரிவு செய்யும் ஒழுங்கு

பயன்பாட்டையும் மென்பொருளையும் முதலில் முடிவு செய்து, அதற்கேற்ற செயலியையும் வரைகலை அட்டையையும் தெரிவு செய்தல் வழக்கம். அவற்றுக்கேற்பத் தாய்ப்பலகை, நினைவகம், சேமிப்பகம் என்பன அமையும். மின்நுகர்வைக் கூட்டிய பின்னரே மின்வழங்கியும், அளவுகளை ஒப்பிட்ட பின்னரே பெட்டியும் தெரிவு செய்யப்படும். பழைய பாகங்களை வாங்குவோர் இயக்குதளத்தையும் நோக்க வேண்டும். விண்டோசு 10 இயக்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோசு 11 இயக்குதளத்திற்கு டிபிஎம் 2.0 வசதியும் ஆதரவுப் பட்டியலில் இடம்பெற்ற செயலியும் தேவை.

இவற்றையும் பார்க்க

தாய்ப்பலகை
மையச் செயற்பகுதி
வரைகலை அட்டை
மின்வழங்கி