சேப்பாக்கம்: கைதட்டிய கலரியும் பூட்டிய கேற்றும்

சென்னை மெரீனாவுக்குப் போன எங்கட ஆக்கள் பலர் சேப்பாக்கம் மைதானத்தைக் கடந்துதான் போயிருப்பார்கள். ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய். மறுபக்கம் ஆர்க்காட்டு நவாப்பின் பழைய மாளிகை, அதையும் தாண்டினால் கடல். ஐபிஎல்லில் மஞ்சள் நிறமாகத் தெரியும் அந்த மைதானத்துக்கும் இலங்கைக்கும் பழைய உறவு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பை வெள்ளையர்கள் 1846 இல் தொடங்கினார்கள். சேப்பாக்கம் அவர்களின் திடலானது. அங்கே இந்தியர்களுக்குக் கிடைத்த மரியாதை பிடிக்காமல்தான் புச்சி பாபு நாயுடு 1888 இல் மெட்ராஸ் யுனைற்றெட் கிளப்பை உருவாக்கினார். பிறகு ஐரோப்பியரும் இந்தியரும் மோதிய பொங்கல் மட்ச் இதே திடலில் பெயர் பெற்றது. ரஞ்சிக் கிண்ணத்தின் முதல் பந்தை 1934 இல் எம்.ஜே. கோபாலன் இங்கேதான் வீசினார். 1952 இல் இந்தியா தன் முதல் ரெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் இங்கேதான்.

எங்கட கதை 1947 இல் வருகிறது. தென்னிந்திய அணிக்கு எதிராக, இலங்கைக்காக ஆடிய தமிழரான மகாதேவன் சதாசிவம் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் எடுத்தார். 1952-53 இலிருந்து மெட்ராஸ் அணியும் இலங்கை அணியும் கோபாலன் கிண்ணத்துக்காக மோதின. இலங்கைக்கு ரெஸ்ட் தகுதி கிடைக்காத காலத்தில் அது பெரிய வாய்ப்பு. 1982 செப்டெம்பரில் இந்தியாவுக்கு எதிரான இலங்கையின் முதல் ரெஸ்டும் சேப்பாக்கத்தில்தான். துலீப் மெண்டிஸ் இரண்டு இன்னிங்ஸிலும் 105 எடுத்தார். அடுத்த வருடம் ஜூலையில் இங்கே என்ன நடந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சேப்பாக்கத்தின் பெயர் கட்டடத்தால் வந்ததில்லை, சனத்தால் வந்தது. 1999 ஜனவரியைப் பாருங்கோ. பாகிஸ்தான் விளையாடக் கூடாது என்று டில்லியில் ஆடுகளத்தையே தோண்டிப் போட்டார்கள். சென்னையில் ரெஸ்ட் நடந்தது. சச்சின் முதுகுவலியோடு 136 அடித்தும் இந்தியா 12 ஓட்டங்களால் தோற்றது. வென்ற பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது கலரி முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. கிரிக்கெட் உலகம் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பதினான்கு வருடங்களுக்குப் பிறகு அதே மைதானத்தின் கேற் பூட்டப்பட்டது, அதுவும் எங்கட பேரில். 2013 பெப்ரவரியில் பாலச்சந்திரனின் கடைசிப் படங்கள் வெளிவந்தன. தமிழ்நாட்டு மாணவர்கள் தெருவுக்கு இறங்கினார்கள். மார்ச்சில் முதலமைச்சர் ஜெயலலிதா, இலங்கை வீரர்களோ நடுவர்களோ இருந்தால் ஐபிஎல் ஆட்டங்களை அனுமதிக்க முடியாது என்றார். சென்னை அணியிலேயே இருந்த நுவன் குலசேகரவுக்கும் அகில தனஞ்சயவுக்கும் சொந்த மைதானத்தில் இடமில்லை. அந்தப் பருவத்தில் பெங்களூருக்கு ஆடிய முத்தையா முரளிதரனுக்கும் இல்லை. 2008 முதல் 2010 வரை அதே சேப்பாக்கத்தில் மஞ்சள் சட்டையோடு பந்து வீசியவர் அவர்.

முரளியின் அரசியலோடு எங்களில் பலருக்கு உடன்பாடு இல்லை. ஆனால் 2012 இல் அவர் பேரிலான பாடசாலைத் தொடர் கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் நடந்தபோது எங்கட பிள்ளைகள் தெற்குப் பிள்ளைகளோடு விளையாடினார்கள். அடுத்த வருடம் அந்தத் தமிழருக்கே தமிழரின் பேரில் சென்னையில் தடை. அந்த மாணவர்களின் கோபம் உண்மையானது, அதற்கு நாங்கள் கடமைப்பட்டவர்கள். என்றாலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் கேட்ட பதிலை குலசேகரவின் நான்கு ஓவர்கள் தடுத்து வைத்திருக்கவில்லை. கேற்றைப் பூட்ட முதல் வன்னியில் ஒருவரிடமும் கேட்கவும் இல்லை.

2023 இல் மதீஷ பத்திரனவும் மகீஷ் தீக்‌ஷனவும் சேப்பாக்கத்தில் மஞ்சள் சட்டையோடு ஆடினார்கள். மும்பைக்கு எதிராக 15 ஓட்டங்களுக்கு 3 விக்கெட் எடுத்து பத்திரன ஆட்ட நாயகனானபோது கலரி கொண்டாடியது. அந்தக் கைதட்டலில் எனக்கு வருத்தமில்லை. சேப்பாக்கத்தின் உண்மையான குணம் அதுதான். ஆனால் 2013 இல் எழுந்த கேள்விகளுக்கு இன்னும் பதில் வரவில்லை. கேற் திறந்ததோடு அந்தக் கேள்விகளும் முடிந்துவிட்டன என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.